பயிற்சி நடந்த அன்று நாங்கள் தீர்த்தமலையில் இருந்தோம்

"முறையான பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருந்தும் ஆய்வாளரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து." இந்த வாக்கியத்துக்குக் கீழே, ஆராய்ச்சி மாணவியான என் மகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுடைய பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். அவளுடைய வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. இடது கையால் போட்டாலும் பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறோம் என்று பெருந்தன்மையோடு சொன்னார்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் மட்டும் இப்போதும் காது மடல் சுடுகிறது.

நான் கடத்தூர்ப் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பது பிறந்த ஊரிலேயே. கொஞ்சம் நிலம், அதில் மஞ்சளும் மரவள்ளியும், கிணற்றோரம் சில மாமரங்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவோம். எங்கள் கோயில் தெருவில் நர்ஸ் படித்தவர்கள் உண்டு, டீச்சர்கள் உண்டு, ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் நிறைய. முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போனது என் மகள்தான் முதல் ஆள். பாடம் வேதியியல். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது ஃபாதர் அதைப் பூசை முடிவில் அறிவித்தார். வெளியே வந்தால் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், நான்தான் படிக்கப் போவதுபோல.

சேர்ந்த புதிதில் விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்தப் படிப்பு எப்படி என்று அவள் எங்களுக்கு விளக்கினாள். நேராக ஆராய்ச்சியில் இறங்கிவிட முடியாதாம். முதலில் சில பயிற்சிகளை முடிக்க வேண்டும். ஆராய்ச்சி முறைகள் பற்றி ஒரு தாள். அடுத்தவர் எழுதியதை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது பற்றி ஒரு தாள். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கூடுதலாகப் பாதுகாப்புப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் உண்டு. அவை இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. பைக் ஓட்டுவதற்கே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். அமிலத்தோடும் நெருப்போடும் புழங்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு உள்ளே விடுவதுதானே முறை. நல்ல இடத்தில்தான் சேர்த்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன்.

பயிற்சி என்ற சொல்லை நான் அப்படியே நம்பினேன். அங்கே அதற்கு விழா என்று அர்த்தம்.

அந்தத் துறையில் எந்தப் பயிற்சி நடந்தாலும் முதலில் பேனர். பிறகு சிறப்பு விருந்தினர், குத்துவிளக்கு, சால்வை, நினைவுப் பரிசு, சாப்பாடு, குழுவாக நின்று ஒரு படம். இத்தனை வேலைக்கும் ஆய்வு மாணவர்கள்தான் ஆள். ஆளுக்கு ஒரு டூட்டி போட்டுவிடுவார்கள். என் மகள் தன் நெறியாளரிடம் புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் குத்துவிளக்கும் சால்வைத் தட்டும் அவள் பொறுப்பு. திரி நுனியில் துளி சூடம் வைத்துவிட்டால் விருந்தினர் மெழுகுவத்தியைக் கொண்டுபோன உடனே பற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஃபேன் காற்றில் அணைந்து அணைந்து மானம் போகும் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்தார்களாம். சால்வையை எப்படி மடித்து நீட்டினால் ஒரே உதறலில் போர்த்த முடியும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் என் துண்டை எடுத்து அதைச் செய்து காட்டினாள். அவளுடைய அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாண மண்டபத்துல வேலைக்குப் போனாக்கூட இதுக்குச் சம்பளம் குடுப்பாங்களே பாப்பா," என்றாள்.

நானும் சிரித்தேன்.  நெருப்பை ஒரே தொடுதலில் பற்றவைப்பது எப்படி என்று அந்தத் துறை என் மகளுக்கு மிக நன்றாகவே பயிற்சி கொடுத்திருக்கிறது.

பாதுகாப்புப் பயிற்சி அவளுடைய முதல் வருடக் கோடையில் வந்தது. இரண்டு நாள். முதல் நாள் அரங்கத்தில் உரை. இரண்டாம் நாள் செய்முறை. திறந்த மைதானத்தில் தீ மூட்டுவார்கள், ஒவ்வொரு மாணவரும் தீயணைக்கும் சிலிண்டரைத் தானே தூக்கி, தானே இயக்கி அணைத்துப் பழக வேண்டும். நடத்த வந்தவர் வெளியூர்க்காரர். இதில் பெரிய நிபுணர் என்று பேனரில் போட்டிருந்ததாம். மனைவியோடு காரில் வந்திருந்தார். முதல் நாள் உரையில் பெரும்பகுதி அவர் போய்வந்த நாடுகளைப் பற்றியது என்று மகள் போனில் சொன்னாள்.

அன்று மாலை நெறியாளர் அவளைக் கூப்பிட்டார். நெறியாளர் ஒரு பெண், எங்களைவிடச் சில வயது இளையவர். விருந்தினர் தம்பதிக்குத் தீர்த்தமலைக் கோயில் பார்க்க வேண்டுமாம், நீ அந்தப் பக்கம்தானே, நாளைக் காலையில் நீயே கூட்டிக்கொண்டு போய்வந்துவிடு என்றார். நாளை செய்முறை இருக்கிறதே மேடம் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் உன்னோடு மலைக்கு வந்துவிட்டால் இங்கே செய்முறையை நடத்தப் போவது யார் என்று மேடம் திருப்பிக் கேட்டாராம். இவள் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்குப் போன் செய்தாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. பிள்ளைக்குச் சொல்லித்தருகிற பெரியவர் நம் பக்கம் வருகிறார் என்றால், எந்த வேலையைப் போட்டுவிட்டு வருகிறார் என்று எங்கள் ஊரில் எவனும் கேட்க மாட்டான். கோழி அடிப்பதா, ஆட்டுக்கறி எடுப்பதா என்பதுதான் கேள்வி. நான் லீவு சொல்லிவிட்டு, மரத்திலிருந்து இறக்கிப் பழுக்க வைத்திருந்த செந்தூரா மாம்பழத்தில் நல்லதாகப் பொறுக்கிப் பையில் கட்டி வீட்டில் வைத்துவிட்டு, காலையில் அரூர் போய்க் காத்திருந்தேன்.

கார் வந்ததும் முன்னால் ஏறி வழி சொன்னேன். படியேறும்போது என் மகள் அந்த அம்மாவின் கைப்பையைச் சுமந்துகொண்டாள். தண்ணீர் பாட்டில்களும் மாற்றுத் துணியும் என் தோளில். நாங்கள் வேதக்காரர்கள், தீர்த்தமலைக்குச் சாமி கும்பிட ஏறியவர்கள் இல்லை. ஆனாலும் எந்தத் தீர்த்தம் எங்கே விழுகிறது என்று இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது. நானே எல்லாம் காட்டினேன். ஒரு குரங்கு விருந்தினரின் பழப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதைக்கூட அவர் ரசித்தார். பாறையிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் வெகுநேரம் தலையைக் கொடுத்து நின்றார். அவருடைய மூக்குக் கண்ணாடியும் வாட்ச்சும் அவ்வளவு நேரமும் என்னிடம் இருந்தன. தண்ணீர் தெறித்துவிடக் கூடாது என்று சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்து மூடிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய மனிதர் நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இறங்கும்போது என் மகள் ஒரு முறை கேட்டாள், இன்றைய செய்முறையை எப்போது சார் வைத்துக்கொள்வீர்கள் என்று. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "சர்டிபிகேட் சாயங்காலம் குடுத்துடுவேம்மா, கவலைப்படாத," என்றார்.

அவள் சான்றிதழைக் கேட்கவில்லை. அது எனக்கு அங்கேயே புரிந்தது. புரிந்தும், பெரியவரை இவள் எதற்கு நச்சரிக்கிறாள் என்றுதான் எனக்கு இருந்தது.

மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. கோயிலுக்குப் போய்விட்டு வந்தவருக்குக் கோழி போடலாமா என்று என் மனைவி தயங்கினாள். மலையைவிட்டு இறங்கியாயிற்றே என்று அவரே சிரித்துக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினார். பாயசம் கொண்டுவருவதற்குள் எழுந்துவிட்டார். நிறைவு விழாவில் சான்றிதழ் கொடுக்க நேரமாகிறதாம். மாம்பழப் பையைக் காரில் வைத்துக் கதவைச் சாத்தியவன் நான்.

நாங்கள் மலையில் இருந்த நேரத்தில் மற்ற மாணவர்கள் மைதானத்துக்குப் போயிருக்கிறார்கள். சிலிண்டரை ஆளுக்கு ஒரு முறை கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் கழுத்தில் ஒரு பின் செருகியிருக்கும், அதை உருவினால்தான் உள்ளே இருக்கும் பொடி வெளியே வரும். யாரும் உருவவில்லை. உருவிவிட்டால் மறுபடி நிரப்ப வேண்டுமே. படம் முடிந்ததும் சிலிண்டர் துறைத் தலைவரின் அறைக்கே திரும்பிவிட்டது. ஆய்வகத்தில் வைத்தால் பிள்ளைகள் விளையாடிவிடுவார்கள் என்று அவருக்குக் கவலை. கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள்கூட அங்கே ஆய்வு மாணவர்களாக இருக்கிறார்கள். அவர்கள்தான் விளையாடிவிடுவார்களாம்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், தபால் கட்டுக்குச் சீல் குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் மகளோடு ஒரே ஆய்வகத்தில் படிக்கும் தோழி பேசினாள். சின்னத் தீக்காயம்தான் அப்பா, பயப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.  மனைவியைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போனேன், எந்த பஸ் ஏறினேன் என்பது இன்றைக்கும் சரியாக நினைவில்லை. அவள் அம்மா வழி முழுக்கச் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள் என்பது மட்டும் தெரியும்.

நடந்ததை மகள் சொன்னது பிறகுதான். ஹெக்ஸேன் என்று ஒரு திரவம். பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வதற்காகக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் குடுவை சூட்டில் விரிசல் விட்டு, சிந்தியது பற்றிக்கொண்டது. மேசைமேல் முழ உயரத்துக்குத் தீ. பக்கத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் பக்கெட் நிறையத் தண்ணீர். தூக்கி ஊற்றிவிட்டாள்.

எங்கள் ஊரில் எது பற்றிக்கொண்டாலும் அதைத்தான் செய்வோம். வைக்கோல் போர் பற்றினால் தண்ணீர், கூரை பற்றினால் தண்ணீர். ஓடி வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடம் இருக்கும். குழந்தையிலிருந்து அவள் பார்த்தது அதுதான். ஆனால் ஹெக்ஸேன் தண்ணீருக்கு மேலே மிதக்கும். ஊற்றிய தண்ணீர் தீயைச் சுமந்துகொண்டு மேசை முழுக்க ஓடி, விளிம்பில் வழிந்து, அவள் கைமேல் விழுந்தது. தோழி துறைத் தலைவரின் அறைக்கு ஓடிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கைப்பிடியை அழுத்து அழுத்து என்று அழுத்தியிருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. பின்னை உருவ வேண்டும் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவளிடமும் சான்றிதழ் இருந்தது. கடைசியில் சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு, போட்டிருந்த பருத்திக் கோட்டைக் கழற்றி என் மகளின் கையைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். கைமேல் பற்றிய தீ அணைந்தது அப்படித்தான். மேசைமேல் இருந்தது எரிந்து எரிந்து தானாகத் தீர்ந்தது.

கட்டு மாற்றும் நேரங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. 

நெறியாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதார், உண்மையாகவே அழுதார். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். அழுது முடித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான் சார். இதக் குடுத்துட்டா ஃபைல மூடிடலாம். இல்லேன்னா என்கொயரின்னு போகும், முடியிற வரைக்கும் பதிவ நிறுத்தி வெச்சிடுவாங்க. நாம அவ படிப்பத்தான பாக்கணும்."

பதிவை நிறுத்தினால் மகளின் வேலை பாதியில் நிற்கும். உதவித்தொகை நிற்கும். பிரச்சினை செய்த மாணவி என்று பெயர் வந்துவிட்டால் வேறு எந்த நெறியாளரும் தொட மாட்டார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. கையெழுத்துப் போட்டால் கவனமில்லாதவள் என்ற பெயரோடு படிப்பு மிஞ்சும். போடாவிட்டால் படிப்பே மிஞ்சுமா என்று தெரியாது. நான் பயந்த சுபாவம் உள்ளவன். தபாலாபீசில் சத்தமாகப் பேசுகிற ஆள் வந்தாலே எனக்குக் கை வியர்க்கும். காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், "போட்டுரலாம் பாப்பா," என்றேன். "ஒரு வார்த்தைதான. பட்டத்த வாங்கிட்டு வெளிய வந்துரு. அப்புறம் எவன் இதத் தேடிப் பாக்கப் போறான்."

மகள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. பரீட்சையில எழுதி மார்க்கு வாங்கியிருக்கேன். தீயப் பாத்ததும் கை அதுபாட்டுக்குப் பக்கெட்டத் தூக்கிருச்சி. அந்தக் கையத்தான் அன்னைக்குப் பழக்கியிருக்கணும். பழக்காம வுட்டுட்டு, பழக்கிட்டோம்னு எழுதி, அதுல என்னையே கையெழுத்து போடச் சொல்றாங்க."

என் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அன்னைக்கு அந்த ஆளு எங்க இருந்தாருன்னு எங்க வூட்டுச் சட்டி பானைக்குக்கூடத் தெரியும். இவருக்குத்தான் மறந்து போச்சாட்டம் இருக்குது."

மறக்கவில்லை. போன் வந்த நாளிலிருந்தே நெஞ்சுக்குள் அதுதான் குடைந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் ஒருவன்தான் என்பதால், அது நினைவுக்கு வராத மாதிரியே நடமாடிக்கொண்டிருந்தேன். காகிதத்தை மடித்து நெறியாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அவர் சொன்னபடியே விசாரணை வைத்தார்கள். மகளுக்குக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. துணைக்கு ஒருவர் வரலாம், பேசக் கூடாது என்றார்கள். நான் போனேன். நீளமான மேசை, ஏசி அறை. துறைத் தலைவர், நெறியாளர், வேறு துறையிலிருந்து இரண்டு பேர். ஐந்தாவது நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பயிற்சி கொடுத்த நிபுணர் என்பதால் கருத்துச் சொல்ல வரவழைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, சாரா. அந்த மாம்பழம் இன்னும் நாக்குலயே நிக்குது சார்."

என்ன செய்வது என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனைக்குப் பிறகும் என் கை கும்பிடத்தான் எழுந்தது. அந்தக் கோபம் எனக்கு என்மேலும் உண்டு.

துறைத் தலைவர் மகளிடம் கேள்வி கேட்டார். எம்.எஸ்ஸி. முடித்தவளுக்கு இது தெரியாதா, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்றார். அவள் தெரியும் என்றாள். தெரிந்தும் ஊற்றினாய் என்றால் அதற்குப் பெயர் கவனக்குறைவுதானே என்றார். அவள் என்னிடம் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். நெறியாளர் மேசைக்கு எதிரிலிருந்து பார்த்த பார்வையில் பாதியில் நின்றுவிட்டது. அப்போது நிபுணர் குறுக்கிட்டார். பயிற்சியில் குறை எதுவும் இல்லை என்றும், இரண்டாம் நாள் மைதானத்தில் தான் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் கையிலும் சிலிண்டரைக் கொடுத்துத் தீயை அணைக்க வைத்ததாகவும், இந்தப் பெண்ணும் நன்றாகச் செய்ததாகவும் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு தடுமாற்றம் கூட இல்லை. அவளைக் காப்பாற்றுவதற்காக நல்ல வார்த்தை சொல்வதுபோலச் சொன்னார்.

என் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.  நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயா, மன்னிக்கணுங்க. சாரு அன்னைக்கு மைதானத்துல இல்லீங்க. தீர்த்தமலையில இருந்தாருங்க. அவர் குளிச்சி முடிக்கிற வரைக்கும் அவர் கண்ணாடியும் வாட்ச்சும் எங்கிட்டத்தான் இருந்திச்சிங்க."

 பேசக் கூடாது என்று சொன்னோமே என்றார் துறைத் தலைவர். நிபுணர் சிரித்தார். மலைக்குப் போனது வாஸ்தவம்தான், அது வேறு நாள், சாருக்கு மகள் அடிபட்டதில் குழப்பம் என்றார்.

"வேற நாளு இல்லீங்க. சாயங்காலம் இவங்களுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்கணும்னுட்டு, எங்க வூட்ல பாயசத்தக்கூடக் குடிக்காம எந்திரிச்சீங்களே."

 வேறு துறையிலிருந்து வந்தவர்களில் ஒருவர், வயதானவர், அதுவரை வாயே திறக்காதவர், நெறியாளர் பக்கம் திரும்பி, நீங்கள்தானே பொறுப்பாளர், அன்று இவர் எங்கே இருந்தார் என்று கேட்டார். நெறியாளர் ஜன்னலைப் பார்த்தார். மைதானத்தில் இருந்தார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அந்த மௌனம் போதுமானதாக இருந்தது. கேட்டவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

முடிவு பிறகு வந்தது. எதிர்பாராமல் நேர்ந்த தீ விபத்து என்று எழுதிவிட்டார்கள். கவனக்குறைவு போயிற்று, முறையான பயிற்சியும் போயிற்று. என் மகள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பதிவு தொடர்ந்தது. இதை வெற்றி என்று சொல்லி ஃபாதர் எனக்குக் கை கொடுத்தார். யாருக்கு வெற்றி என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட இவளிடம் தவறு எங்களுடையது என்று சொல்லவில்லை. எதிர்பாராமல் என்று எழுதியிருக்கிறார்களே, எதை எதிர்பார்க்கவில்லை? எரிகிற திரவத்தை அடுப்பில் வைத்தால் ஒரு நாள் எரியும் என்பதையா? எதிர்பார்த்ததால்தானே அந்தப் பயிற்சியை விதியாக வைத்தார்கள். விதியை எழுதியவன் யாரோ நல்லவன். அவன் எங்கே இருக்கிறானோ.

நெறியாளர் இப்போது மகளிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார். அதையும் அவள் தாங்கிக்கொள்கிறாள்.

விசாரணையின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. எல்லா ஆய்வு மாணவர்களும் பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி முடிக்க வேண்டும். சில வாரங்கள் கழித்துத் தேதி வந்தது. வேறு ஒரு சிறப்பு விருந்தினர். மாணவர்களின் வாட்ஸப்பில் டூட்டிப் பட்டியல் போட்டார்கள். என் மகளின் பெயருக்கு நேரே, கை இன்னும் சரியாகாததால் இலேசான வேலை என்று குறிப்பிட்டு, விருந்தினர் குத்துவிளக்கேற்றும்போது மெழுகுவத்தியை எடுத்துக்கொடுப்பது என்று போட்டிருந்தது.

அதை எனக்குக் காட்டியபோது அவள் சிரித்தாள். எனக்கு அந்தப் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அவள் அம்மா, போகவே வேண்டாம் என்றாள். போகாவிட்டால் பயிற்சி முடிக்காதவள் என்று ஆய்வேட்டை நிறுத்துவார்கள் என்றேன் நான். மகள் இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஒரு பதில் போட்டாள். மெழுகுவத்தி கொடுக்க முடியாது, அன்று முழுக்க மைதானத்தில் இருப்பேன், விருந்தினர் செய்முறைக்கு வரும்வரை அங்கேயே இருப்பேன் என்று எழுதினாள்.  கொஞ்ச நேரத்தில் தோழி, நானும் என்று போட்டாள். அப்புறம் இன்னும் சிலர்.

அன்றும் நான் கூடப் போனேன். மைதான ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். அரங்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் வரவேற்புரையும் பாராட்டுரையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. வெயில் ஏறியது. சாப்பாட்டு நேரம் வந்தது, முடிந்தது. விருந்தினருக்கு உடம்புக்கு முடியவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, செய்முறையை வீடியோவாக அனுப்புவார் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் கிளம்பிப் போவதை நானே பார்த்தேன்.

மைதானத்தில் நின்றிருந்தவர்கள் கலையவில்லை. தோழி துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். படம் எடுக்க வேண்டும் என்று கேட்டாளாம், உடனே சிலிண்டரைக் கொடுத்துவிட்டார்கள். பழைய தகரத் தட்டு ஒன்றை மண்ணில் வைத்து, யாரோ பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஊற்றினார்கள். தோழி சிலிண்டர்மேல் ஒட்டியிருந்த குறிப்பை உரக்கப் படித்தாள். இன்னொருத்தி நீளக் குச்சியில் துணி சுற்றிப் பற்றவைத்து நீட்டினாள்.

பக் என்று தீ எழுந்ததும் என் மகள் பின்னால் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். நான் இருந்த மரத்தடி வரைக்கும் வந்துவிட்டாள். புதுத் தோல் ரோஸ் நிறத்தில் இருந்த அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.  நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். போயிரலாம் பாப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"பின்ன உருவு. மொதல்ல பின்ன உருவுடி. அப்புறமா அழுத்து."

தோழி உருவினாள். அழுத்தினாள். வெள்ளைப் பொடி சீறிக்கொண்டு வந்து தட்டை மூடியது, தீ இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மறுபடி மூட்டினார்கள். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்து இன்னொருவர். மூன்று நான்கு பேருக்குப் பிறகு சிலிண்டரில் சத்தம் மட்டும்தான் வந்தது. எல்லோர் தலையிலும் மாவு கொட்டியதுபோல வெள்ளை. என் மகள் முறை வரவே இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

துறைத் தலைவர் வேகமாக நடந்து வந்தார். யார் அனுமதி கொடுத்தது, காலி செய்துவிட்டீர்களே, இதை இனி யார் நிரப்புவது என்று கேட்டார்.  நான் மரத்தடியிலிருந்து எழுந்து நின்றேன். இந்த முறை கும்பிடவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவரே திரும்பி நடந்தார்.

மகள் இப்போது மறுபடி ஆய்வகத்துக்குப் போகிறாள். காய்ச்சி வடிக்கிற வேலையை இன்னும் தொடவில்லை. ஆனால் ஆய்வேடு முடிய வேண்டுமென்றால் தொடத்தான் வேண்டும். தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பேன், அதற்கடுத்து அந்தச் சிலிண்டரை நிரப்பிவிட்டார்களா என்று கேட்பேன். நேற்றும் கேட்டேன். இன்னும் இல்லையாம்.